ஆயா விட்டுவந்த ஆறு

பெங்களூர்ச் சிவாஜிநகரில் தமிழ் ஒலிக்காத தெருவைக் காண்பது அரிது. 1809ஆம் ஆண்டில் ஆங்கிலேயர் இங்கே படைப்பாளையம் அமைத்தனர். மக்கள் அதனைத் ‘தண்டு’ என்று வழங்கினர். தண்டினை அண்டி வாழ்வு தேடிய தமிழர் வட ஆர்க்காட்டு ஊர்களிலிருந்து கூட்டம் கூட்டமாக வந்தனர். 1864இல் சோலையார்பேட்டைக்கும் தண்டுக்கும் இடையே புகைவண்டி ஓடத் தொடங்கியபின் வருகை மேலும் பெருகிற்று. வந்தவர்களுள் வேலை பெற்ற ஆடவரின் பெயர்களேனும் சில ஏடுகளில் ஏறின. அவர்களுடன் வந்த பெண்டிருள் பலரின் பெயர்கள் ஏடுகளில் ஏறவில்லை.

எங்கள் பாட்டியார் அத்தகையோருள் ஒருவர். நாங்கள் அவரை ‘ஆயா’ என்று அழைப்போம். வாணியம்பாடிக்கு அருகே, பாலாற்றங்கரைச் சிற்றூரில் பிறந்தவர். 1935இல் மணமகளாகச் சிவாஜிநகருக்கு வந்தவர். எழுத்தறியார், ஆயினும் கன்னடமும் உருதும் தெருவிலேயே கற்றுக்கொண்டார்.

ஆண்டின் பெரும்பகுதியில் பாலாறு வெறும் மணலே. மணலில் ஊற்றுத் தோண்டி, கொட்டாங்கச்சியால் மொண்டு குடம் நிறைப்பார்களாம். நிறைந்தபின் ஊற்றை மூடாமல், பின்னால் வருபவருக்காக விட்டுவருவார்களாம். அந்தப் பழக்கத்தை ஆயா தெருக்குழாயடிக்கும் கொண்டுவந்தார். குழாயடியில் எத்தனை சச்சரவு நேர்ந்தாலும், தம் குடம் நிறைந்தவுடன் அடுத்தவர் குடத்தைத் தம் கையாலேயே குழாயின்கீழ் வைத்துவிட்டுத்தான் திரும்புவார். அவர் இறந்தபோது எங்கள் வாயிலில் மூன்று மொழிகளிலும் அழுகுரல் கேட்டது.

“ஒருதரம் ஆத்தைப் பாத்துட்டு வந்துடலாம்டா” என்பது அவர் ஓயாது கேட்டது. அடுத்த கோடையில், அடுத்த பொங்கலில் என்று நாங்கள் தவணை சொல்லிக்கொண்டே இருந்தோம். 1971இல் அவர் கண்மூடினார்.

பல்லாண்டுகள் கழித்து, ஆற்றின் வரலாற்றைத் தேடியபோதுதான் ஓர் உண்மை எங்களுக்குப் புலப்பட்டது. பாலாறு பிறப்பது கன்னட நாட்டு நந்தி மலைப் பகுதியில். அர்க்காவதி ஆறு பிறப்பதும் அம்மலையிலேதான். பெங்களூருக்கு நீர் வழங்க, 1890களில் எசரகட்டா ஏரியும் 1933இல் திப்பகொண்டனஹள்ளி நீர்த்தேக்கமும் அமைந்தது அந்த அர்க்காவதியின் மீதே. காவிரி நீர் இந்நகருக்கு வந்தது 1974இல். ஆகவே, ஊரில் ஆயா ஊற்றிலே மொண்ட நீருக்கும், சிவாஜிநகரில் குழாயடியிலே பிடித்த நீருக்கும் தாய்மலை ஒன்றே. ஆற்றை விட்டு வந்துவிட்டதாக எண்ணி முப்பத்தாறு ஆண்டுகள் ஏங்கியவர், அம்மலையின் மற்றோர் ஆற்று நீரையே நாள்தோறும் சுமந்திருக்கிறார். அதை அவரிடம் சொல்லத்தான் எங்களுக்குக் கொடுத்துவைக்கவில்லை.

பின்னர் அவர் ஊருக்குச் சென்றோம். தோல் பதனிடும் ஆலைகளின் கழிவு பாலாற்றைக் கெடுத்ததும், 1996இல் உச்ச நீதிமன்றம் அதுபற்றித் தீர்ப்பளித்ததும் யாவரும் அறிந்தவை. ஆயா தோண்டிய ஊற்று எந்த இடத்தில் இருந்தது என்று காட்டுவதற்கு அங்கே ஒருவரும் இல்லை. அவர் இருந்தபோது நாங்களும் கேட்டுவைக்கவில்லை.

பிற மாநிலங்களில் வாழும் அன்பர்களே, உங்கள் இல்லத்திலும் ஓர் ஆயாவோ அப்பத்தாவோ அம்மாச்சியோ இருக்கக்கூடும். அவர் பிறந்த ஊர் எது, தண்ணீர் எடுத்த துறை எது, எந்த வண்டியேறி வந்தார் என்று இன்றிரவே கேட்டு எழுதிவையுங்கள். இயலுமாயின், அடுத்த விடுமுறைக்கே அவரை அழைத்துச் செல்லுங்கள்.