தான் ஆடாவிட்டாலும்...

2022-ம் ஆண்டு ஆகஸ்ட் 8. மாமல்லபுரத்தை ஒட்டிய பூஞ்சேரி. செஸ் ஒலிம்பியாட்டின் பத்தாவது சுற்று.

உலகத்தின் கண்கள் எல்லாம் ஒரே ஒரு மேஜை மீது. ஒரு பக்கம் பதினாறு வயது குகேஷ். எதிரே உஸ்பெகிஸ்தானின் அப்துசத்தோரவ். எட்டு ஆட்டம் ஆடி எட்டையும் ஜெயித்து, ஒன்பதாவதை டிரா செய்துவிட்டு வந்திருக்கிறார் நம் பையன். இந்த ஆட்டத்திலும் அவர் கைதான் ஓங்கியிருந்தது. ஆனால், ஓங்கிய கை மெல்ல இறங்கியது. டிரா ஆனாலே இந்திய 'பி' அணி அந்தச் சுற்றை ஜெயித்திருக்கும். குகேஷுக்கு டிரா போதவில்லை, இழுத்துப் பார்த்தார். கடைசியில் ஒரே ஒரு தவறு... போயே போச்சு! அணிகளுக்குள் 2-2. தங்கத்துக்குப் போகும் பாதை அங்கேயே அடைபட்டுவிட்டது.

நான் சொல்ல வருவது குகேஷ் கதை அல்ல. அதே அரங்கில் வாயைத் திறக்க முடியாமல் பார்த்துக்கொண்டிருந்த இன்னொரு மனிதர் கதை. அணியின் கேப்டன், பயிற்சியாளர் ஆர்.பி.ரமேஷ். செஸ்ஸில் அணி கேப்டன் ஒரு விசித்திரப் பிறவி. ஐந்து பேரில் அன்றைக்கு யார் நால்வர் ஆடுவது என்று முடிவு செய்வதுதான் அவருடைய முக்கிய அதிகாரம். ஆட்டம் ஆரம்பித்துவிட்டால், போர்டில் இருக்கும் நிலைமை பற்றி ஒரு வார்த்தை பேசக்கூடாது. தவறு கண்ணுக்குத் தெரியும், தடுக்க முடியாது. 'தான் ஆடாவிட்டாலும் தன் தசை ஆடும்' என்று நம் ஊரில் சொல்வார்களே, அந்தத் தண்டனைதான்!

சரி, இப்படி ஒரு நாற்காலியில் உட்கார எந்த மாதிரி ஆள் வேண்டும்? பெரிய ஆட்டக்காரராக இருந்தவரா? பாதியில் நின்றவரா? யாரும் கவனிக்காத இடத்தில் நின்று இடி வாங்கியவரா?

அமெரிக்கர்களுக்கு இது தீராத பட்டிமன்றத் தலைப்பு. அவர்கள் ஊர் ஃபுட்பால் நம் கால்பந்து அல்ல. முட்டை வடிவப் பந்தைக் கையில் தூக்கிக்கொண்டு ஓடுவது. அதில் 'அஃபென்சிவ் லைன்' என்று ஐந்து தடியர்கள் வரிசை கட்டி நிற்பார்கள். பந்தைத் தூக்கிக்கொண்டு ஓடுவது அவர்கள் வேலை இல்லை. கோல் போட்டுக் கைதட்டு வாங்குவதும் இல்லை. எதிரணி ஆட்கள் பாய்ந்து வரும்போது மார்பைக் கொடுத்து மறித்து, பின்னால் நிற்கும் நட்சத்திரத்தைக் காப்பாற்றுவது மட்டும்தான். கிட்டத்தட்ட நம்மூர்த் தேருக்கு முட்டுக்கட்டை போடுகிறவர்கள் மாதிரி. சாமியைக் கும்பிடுகிறவன் அவரைத் திரும்பிப் பார்ப்பானா என்ன!

அப்படி இடி வாங்கும் வரிசையிலிருந்து வந்தவர்தான் வின்ஸ் லொம்பார்டி. 1930-களில் நியூயார்க்கின் ஃபோர்தம் கல்லூரி அணியில் 'கார்டு'. அந்த முன்வரிசைக்கே 'ஏழு கருங்கற்கள்' என்று பட்டப்பெயர். தொழில்முறை லீகில் அவர் ஆடியதே இல்லை. ஒரு பள்ளிக்கூடத்தில் லத்தீனும் வேதியியலும் இயற்பியலும் சொல்லிக்கொடுத்தபடியே பையன்களுக்குப் பயிற்சி தந்தார். தலைமைப் பயிற்சியாளராகத் தொழில்முறை அணி ஒன்று கையில் கிடைத்தபோது வயது 45. அதுவும் எப்படிப்பட்ட அணி? கிரீன் பே பேக்கர்ஸ். 1958-ல் பன்னிரண்டு ஆட்டத்தில் ஒன்றே ஒன்றில் ஜெயித்திருந்தது. லொம்பார்டி வந்த 1959-ல் ஏழு வெற்றி. அதற்குப் பிறகு 1961-லிருந்து 1967-க்குள் ஐந்து முறை சாம்பியன். இன்றைக்கும் சூப்பர் பவுல் கோப்பைக்கு அவர் பெயர்தான்.

அவருடைய பிரம்மாஸ்திரம் என்ன தெரியுமா? இரண்டு கார்டுகளும் தங்கள் இடத்தைவிட்டுப் பக்கவாட்டில் பாய்ந்து, பந்து வைத்திருப்பவனுக்கு முன்னால் ஓடி வழி திறந்துவிடுவது. தான் இடி வாங்கிய இடத்திலிருந்தே மொத்த ஆட்டத்தையும் யோசித்திருக்கிறார் மனிதர்!

இப்போது பூஞ்சேரிக்கே திரும்புவோம். ரமேஷும் அப்படி ஒரு வரிசையிலிருந்து வந்தவர்தான்.

1988-ல் விஸ்வநாதன் ஆனந்த் இந்தியாவின் முதல் கிராண்ட்மாஸ்டர் ஆனார். சென்னையில் எத்தனையோ வீடுகளில் அன்றைக்கு செஸ் போர்டு வாங்கினார்கள். அதில் பிடித்த பைத்தியம்தான் ரமேஷுக்கும். அப்போது அவருக்கு வயது பன்னிரண்டு. 'நல்ல வயசுதானே' என்று தோன்றும். இல்லை! செஸ்ஸில் பன்னிரண்டு என்பது கல்யாண வீட்டுக்குச் சாப்பாட்டுப் பந்தி முடிந்து வந்து சேர்வது. அவருடைய சீடர் பிரக்ஞானந்தா 12 வயது 10 மாதத்தில் கிராண்ட்மாஸ்டரே ஆகிவிட்டார். அதாவது, சீடன் பட்டம் வாங்கிய வயதில் குரு காய்களை அடுக்கிக்கொண்டிருந்தார்.

ஆட்டத்தைச் சரிபார்த்துச் சொல்ல இன்றைக்கு இருப்பது போல வீட்டுக்கு வீடு கம்ப்யூட்டர் கிடையாது. மானுவேல் ஆரோன் வளர்த்தெடுத்த தால் செஸ் கிளப், அது இயங்கிய சோவியத் கலாசார மையம், ரஷ்யப் புத்தகங்கள்... மெட்ராஸின் செஸ் உலகம் அவ்வளவுதான். அங்கே முட்டி மோதிக் கற்றுக்கொள்வதுதான் வழி. ரமேஷ் முட்டி மோதினார். 2002-ல் இங்கிலாந்தின் டார்க்கீ நகரில் நடந்த பிரிட்டிஷ் சாம்பியன்ஷிப்பை ஜெயித்தார். அடுத்த ஆண்டே கிராண்ட்மாஸ்டர்.

இந்த இடத்தில் ஒரு சின்ன வம்பு. அந்தக் காலத்தில் பிரிட்டிஷ் சாம்பியன்ஷிப்பில் காமன்வெல்த் நாட்டுக்காரர்கள் யாரும் ஆடலாம். 2002-ல் ரமேஷ் கோப்பையைத் தூக்கினார். 2003-ல் புனேயைச் சேர்ந்த அபிஜித் குண்டே தூக்கினார். பெண்கள் பட்டத்தையும் நம் ஹம்பி விட்டுவைக்கவில்லை. வெள்ளைக்காரர்கள் பொறுத்துப் பார்த்தார்கள். 2004-லிருந்து விதியை மாற்றி, இந்தியர்களுக்குக் கதவைச் சாத்திவிட்டார்கள்! குண்டே பெயரை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், மறுபடி வருவார்.

2007-ல் ரமேஷ் காமன்வெல்த் சாம்பியன். இன்னும் ஆடியிருக்கலாம். ஆனால், 2008-ல் மனைவி ஆர்த்தியோடு சேர்ந்து சென்னையில் 'செஸ் குருகுல்' ஆரம்பித்தார். ஆர்த்தி லேசுப்பட்டவர் இல்லை. 1999-ல் 18 வயதுக்குட்பட்ட பெண்கள் பிரிவில் உலக சாம்பியன். ஆக, வீட்டிலேயே ஓர் உலக சாம்பியன், ஒரு பிரிட்டிஷ் சாம்பியன். இரண்டு பேரும் சேர்ந்து ஊர்ப் பிள்ளைகளுக்கு வாத்தியார்கள். பிரக்ஞானந்தா, அவர் அக்கா வைஷாலி, அரவிந்த் சிதம்பரம் என்று அங்கே படித்தவர்கள் பின்னால் கிராண்ட்மாஸ்டர் ஆனார்கள்.

ரமேஷின் பாடம் கொஞ்சம் கடுமையானது. கஷ்டமான ஒரு நிலையைக் காட்டி, 'காயைத் தொடாதே, மனசுக்குள்ளேயே ஆடு' என்பார். பத்து நகர்த்தல் தள்ளி என்ன ஆகும், அதற்கு எதிராளி என்ன செய்வான், அதற்கு நீ என்ன செய்வாய்... எல்லாமே தலைக்குள். இதைப் பற்றியே 2022-ல் ஒரு தடிமனான புத்தகமும் எழுதினார். நல்ல நகர்த்தல் எது என்று சொல்லிக்கொடுக்க இன்று கம்ப்யூட்டர் போதும். அது ஏன் நம் கண்ணில் படவில்லை என்பதை மனிதன்தான் சொல்ல வேண்டும். அதிலும், தானே தாமதமாகக் கற்றுக்கொண்டவனுக்கு எந்த முட்டுச்சந்தில் மண்டை இடிக்கும் என்று நன்றாகத் தெரியும். பிறவி மேதைக்கு அந்தச் சந்தே தெரியாதே!

இப்படிச் சொன்னதும் நீங்கள் ஓர் ஆளை எதிரே நிறுத்தலாம். மிகைல் போத்வின்னிக். மூன்று முறை உலக சாம்பியன் பட்டத்தைக் கைப்பற்றியவர். அவர் பள்ளியில் படித்த கார்ப்பவ், காஸ்பரோவ், கிராம்னிக் மூவருமே உலக சாம்பியன்கள். அப்புறம் என்ன பேச்சு? நியாயமான கேள்வி. ஆனால் அதே ரஷ்யாவில்தான், கிராண்ட்மாஸ்டர் பட்டமே வாங்காத மார்க் த்வோரெத்ஸ்கி உலகின் தலைசிறந்த பயிற்சியாளர் என்று பெயர் வாங்கினார். பட்டத்தை வைத்து வாத்தியாரை எடை போட முடியாது என்பதே என் கட்சி. அவர் எந்த மாதிரி ஆட்டங்களில் தோற்றார், தோற்றபின் என்ன செய்தார் என்று விசாரித்தால் ஓரளவு தெரியும்.

பூஞ்சேரியிலேயே இன்னொரு பரீட்சையும் நடந்தது. இந்திய 'ஏ' அணியின் கேப்டன் ஸ்ரீநாத் நாராயணன். 2005-ல் 12 வயதுக்குட்பட்டோர் உலக சாம்பியன். கேப்டனுக்கு வயது 28. அணியில் இருந்த சசிகிரணுக்கு அவரைவிடப் பதின்மூன்று வயது அதிகம்! போட்டியின் தரவரிசையில் இரண்டாவதாக இறங்கிய அந்த அணி நான்காவதாக முடித்தது. 'சின்னப் பையனைப் போட்டால் இப்படித்தான்' என்று அன்றைக்கே ஒருவர் தீர்ப்பு எழுதியிருந்தால் மூக்குடைபட்டிருப்பார். இரண்டே வருடத்தில், 2024-ல் புடாபெஸ்டில், இதே ஸ்ரீநாத் தலைமையில் இந்தியா தங்கம் வாங்கியது.

ரமேஷுக்கும் ஒலிம்பியாட் புதிதல்ல. 2014-ல் நார்வேயின் டிராம்சோ நகரில் இந்தியா முதன்முதலாக ஒலிம்பியாட் வெண்கலம் வென்றபோது, ஆனந்த் ஆடவில்லை. அப்போதும் பயிற்சியாளர் இவர்தான். அந்த அணியில் இருந்த அதிபன் பூஞ்சேரியிலும் இருந்தார். மற்ற நால்வர்? குகேஷ், பிரக்ஞானந்தா, ரவுனக் மூவருக்கும் 16. நிஹால் சரீனுக்கு 18. தரவரிசையில் 11-வது இடம். 186 நாடுகள் வந்திருந்த போட்டி அது. 2019-ல்தான் பிறந்த செங்கல்பட்டு மாவட்டம் தாங்குமா என்றே பலருக்குச் சந்தேகம்! எட்டாவது சுற்றில் முதல் இடத் தரவரிசையோடு வந்த அமெரிக்காவை இந்தப் பிள்ளைகள் 3-1 என்று சாய்த்தார்கள். குகேஷிடம் தோற்றவர், உலக சாம்பியன் பட்டத்துக்கே ஆடிய கருவானா.

அதற்கு இரண்டு நாள் கழித்துத்தான் அந்த உஸ்பெகிஸ்தான் ஆட்டம்.

ஒரு பயிற்சியாளனின் நிஜமான வேலை அந்த ராத்திரியில்தான் இருக்கிறது. விடிந்தால் ஜெர்மனியோடு கடைசிச் சுற்று. பதினாறு வயதுப் பையன் தேசத்தின் தங்கமே தன் கையால் போனது போல உடைந்திருக்கிறான். இந்த இடத்தில் ஆட்டவித்தை எதுவும் உதவாது. தானும் இப்படி ஜெயிக்க வேண்டிய ஆட்டத்தைக் கோட்டைவிட்டு எழுந்து போன நாட்கள் தெரிந்தவனுக்கே அடுத்த நாள் காலையில் யாரை எந்த நாற்காலியில் உட்கார வைப்பது என்று புரியும். குகேஷை ஓய்வு கொடுத்து உட்காரவைக்கலாம். விதியில் இடம் இருக்கிறது. ரமேஷ் அவரை முதல் போர்டிலேயே ஆட வைத்தார். அந்த ஆட்டம் டிரா. அணி 3-1 என்று ஜெயித்தது.

உஸ்பெகிஸ்தானுக்குத் தங்கம், ஆர்மீனியாவுக்கு வெள்ளி, இந்தியா 'பி'க்கு வெண்கலம். முதல் போர்டில் குகேஷுக்கும், இரண்டாவதில் நிஹாலுக்கும் தனிநபர் தங்கம். பெண்கள் பிரிவில் இந்திய 'ஏ' அணி கடைசிச் சுற்றில் அமெரிக்காவிடம் தோற்றாலும், வெண்கலத்தை விடவில்லை. இந்தியப் பெண்களுக்கு அது முதல் ஒலிம்பியாட் பதக்கம்.

ஆகஸ்ட் 9 மாலை, சென்னை நேரு உள்விளையாட்டரங்கில் நிறைவு விழா. இந்தியாவுக்கு இரண்டு வெண்கலங்கள், இரண்டு கேப்டன்கள். ஒருவர் ரமேஷ். பெண்கள் அணியோடு இருந்தவர், 2003-ன் பிரிட்டிஷ் சாம்பியன் அபிஜித் குண்டே.