மூச்சிலிருந்து மிதிக்கு: சைக்கிள் ஓட்டத்தின் கலோரிக் கணக்கு உருவான வரலாறு

1899இல் பெர்லினில், லியோ சூண்ட்ஸ் என்ற மருத்துவர் சைக்கிள் ஓட்டுபவரின் சுவாச வளிமாற்றத்தையும் ஆற்றல் செலவையும் பற்றித் தனி நூலே வெளியிட்டார். இரண்டு சக்கரமும் ஒரே அளவாக, பின்சக்கரத்தைச் செயின் இழுக்கும் இன்றைய வடிவத்தைச் சைக்கிள் அடைந்து அப்போது பதினைந்து ஆண்டுகள்கூட ஆகவில்லை. இவ்வளவு புதிய வாகனம் உடலியங்கியல் ஆய்வுக்கூடத்துக்குள் இவ்வளவு சீக்கிரம் நுழைந்ததற்குக் காரணம் அதன் அமைப்பிலேயே இருக்கிறது. நடப்பவர் செய்யும் வேலையை அளப்பது பெரும்பாடு. கால் தரையை உந்துகிறது, உடல் ஏறி இறங்குகிறது, கை வீசுகிறது. எவ்வளவு வேலை எதற்குப் போனது என்று பிரிக்க முடிவதில்லை. சைக்கிளிலோ உழைப்பு முழுவதும் இரண்டு மிதிகள் வழியாக ஒரே அச்சுக்கு வந்து சேர்கிறது. அந்த அச்சில் தெரிந்த அளவு தடையை வைத்துவிட்டால், வெளியே வந்த வேலை இத்தனை ஜூல் என்று சொல்லிவிடலாம்.

ஆகவே சைக்கிள் முதலில் ஆய்வுப் பொருளாகவும், விரைவிலேயே ஆய்வுக் கருவியாகவும் ஆனது. உடற்பயிற்சி உடலியங்கியல் என்ற துறை பெரும்பாலும் நகராத சைக்கிளின் மேல் உட்கார்ந்து வளர்ந்தது என்றே சொல்லலாம். அங்கே பிறந்த கலோரி எண் பின்னர் அட்டவணைக்குப் போனது. அட்டவணையிலிருந்து கைக்கடிகாரத்துக்கு வந்தது. ஒவ்வொரு இடமாற்றத்திலும் அதோடு ஒட்டியிருந்த நிபந்தனைகள் சில கழன்று விழுந்தன என்பதே இக்கட்டுரையின் வாதம். (இங்கே கலோரி என்பது உணவுக் கணக்கில் வழங்கும் கிலோகலோரியையே குறிக்கும்.)

மூச்சை அளந்து உழைப்பை அறியும் முறை சைக்கிளைவிட நூறாண்டு மூத்தது. 1790 வாக்கில் பாரிசில் லவாசியே தம் உதவியாளர் செகினையே சோதனைப் பொருளாக்கி, ஓய்விலும் வேலையிலும் அவர் உட்கொண்ட ஆக்சிஜனை அளந்தார். வேலையின்போது அது இரண்டரை மடங்குக்கும் மேல் கூடியது. அந்தச் சோதனையை லவாசியேயின் மனைவி மரி ஆன் வரைந்து வைத்திருக்கிறார். முகமூடியோடு உட்கார்ந்திருக்கும் செகினின் கால் ஒரு மிதிகட்டையின் மேல் இருக்கிறது. சைக்கிள் இல்லாத காலத்திலேயே மிதி வந்துவிட்டது.

முறையின் அடிப்படை எளியது. ஒரு லிட்டர் ஆக்சிஜனைக் கொண்டு உடல் கொழுப்பை எரித்தால் சுமார் 4.7 கலோரி கிடைக்கும். மாவுச்சத்தை எரித்தால் சுமார் 5.05. எது எரிகிறது என்பதை, வெளியேறும் கார்பன் டை ஆக்சைடுக்கும் உட்கொள்ளும் ஆக்சிஜனுக்கும் உள்ள விகிதம் காட்டிக்கொடுக்கும். விகிதம் 0.7 என்றால் கொழுப்பு, 1 என்றால் மாவுச்சத்து. விகிதத்தைக் கவனிக்காமல் இடைப்பட்ட ஒரே எண்ணால் பெருக்கினாலும் பிழை ஏழு விழுக்காட்டைத் தாண்டாது. ஆக்சிஜன் அளவு கையில் இருக்கும்வரை கலோரிக் கணக்கு அவ்வளவாக வழுக்குவதில்லை.

ஆனால் மூச்சிலிருந்து போடும் கணக்கு உண்மையான வெப்பத்தோடு ஒத்துப்போகிறதா? இதற்கு விடை தேடியது அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலத்தில் உள்ள வெஸ்லியன் பல்கலைக்கழகம். 1890களில் வில்பர் அட்வாட்டரும் இயற்பியலாளர் எட்வர்ட் ரோசாவும் அங்கே ஒரு சுவாசக் கலோரிமானியைக் கட்டினார்கள். ஏழு அடி நீளம், நான்கு அடி அகலம் கொண்ட உலோக அறை அது. ஆள் அதற்குள்ளேயே உண்டு, உறங்கி, நாள்கணக்கில் இருப்பார். சுவரோரக் குழாய்களில் ஓடும் நீர், உடல் வெளியிடும் வெப்பத்தை வாங்கிக்கொண்டு போகும். வேலை செய்யவைக்க வேண்டிய நாட்களில் அறைக்குள்ளே ஒரு நிலைச் சைக்கிளை வைத்தார்கள். அது டைனமோவைச் சுழற்றியது. உண்ட உணவின் ஆற்றலும், வெளிவந்த வெப்பமும் வேலையும் சேர்ந்த மொத்தமும் ஒரு விழுக்காட்டுக்கும் குறைவான வேறுபாட்டோடு ஒத்துப்போயின. ஆற்றல் அழியாக் கோட்பாடு மனிதனுக்கும் பொருந்தும் என்பதற்கு இந்த அறை தந்த சான்று பாடநூல்களுக்குப் போய்விட்டது. அதற்காக உள்ளே உட்கார்ந்து மிதித்தவர்களைப் பற்றித்தான் யாரும் அதிகம் பேசுவதில்லை.

அட்வாட்டரின் உதவியாளராக இருந்த பிரான்சிஸ் பெனடிக்ட் 1907இல் பாஸ்டனில் கார்னகி நிறுவனத்தின் சத்துணவு ஆய்வுக்கூடத்துக்குத் தலைவரானார். இந்த வரலாற்றின் மையம் என்று நான் கருதுவது அங்கே நடந்த வேலையைத்தான். 1912இல் பெனடிக்டும் அவரோடு பணியாற்றிய கேடியும் மின்பிரேக் கொண்ட சைக்கிள் எர்கோமீட்டர் (உழைப்பை அளக்கும் நிலைச் சைக்கிள்) ஒன்றை விவரித்தார்கள். பின்சக்கரத்துக்குப் பதிலாக ஒரு செம்புத் தட்டு. அது மின்காந்தத்தின் முனைகளுக்கு இடையே சுழலும். மின்னோட்டத்தைக் கூட்டினால் மிதிப்பது கனக்கும். அடுத்த ஆண்டு, கிளாஸ்கோவைச் சேர்ந்த எட்வர்ட் கேத்கார்ட்டுடன் சேர்ந்து, தசை உழைப்பையும் எந்திரம் என்ற முறையில் மனித உடலின் செயல்திறனையும் பற்றிப் பெரிய அறிக்கை ஒன்றை பெனடிக்ட் வெளியிட்டார். சோதனைக்கு உட்பட்டவர்களில் முக்கியமானவர் ஒரு தொழில்முறைச் சைக்கிள் வீரர்.

அந்த அறிக்கை விடாமல் துருவும் சிக்கல் ஒன்று உண்டு: செயல்திறனை, அதாவது செலவான ஆற்றலில் வேலையாக மாறும் பங்கை, கணக்கிட எதிலிருந்து எதைக் கழிப்பது? மிதிக்காமல் சும்மா படுத்திருந்தாலும் உடல் ஆற்றல் செலவழிக்கும். சைக்கிள் இருக்கையில் உட்கார்ந்திருந்தால் இன்னும் சற்றுக் கூடும். தடையே இல்லாமல் காலை மட்டும் சுழற்றினால் மேலும் கூடும். மொத்தச் செலவை வைத்து வகுத்தால் ஒரு செயல்திறன், ஓய்வைக் கழித்து வகுத்தால் இன்னொன்று, வெறுங்காலைச் சுழற்றும் செலவையும் கழித்தால் மூன்றாவது ஒன்று. அடிநிலையைச் சொல்லாமல் எண்ணை மட்டும் சொல்வதில் பொருளில்லை என்பது அவர்களுக்குத் தெளிவாகத் தெரிந்திருந்தது. இன்று ஒரு சவாரிக்கு 400 கலோரி என்று திரையில் பார்ப்பவருக்கு, அந்த ஒரு மணி நேரம் நாற்காலியில் உட்கார்ந்திருந்தாலும் செலவாகியிருக்கும் 60 கலோரி அளவும் அதற்குள்ளே அடக்கம் என்று பெரும்பாலும் யாரும் சொல்வதில்லை.

இதே காலத்தில் கோபன்ஹேகனில் ஆகஸ்ட் குரோக் தம்முடைய எர்கோமீட்டரை 1913இல் உருவாக்கினார். குரோக்கும் லிண்ட்ஹார்டும் 1920இல் வெளியிட்ட ஆய்வு, கொழுப்பை மட்டும் எரித்து மிதிப்பவர் மாவுச்சத்தை எரித்து மிதிப்பவரைவிட அதே வேலைக்குச் சுமார் பத்து விழுக்காடு அதிக ஆற்றலைச் செலவழிக்கிறார் என்று காட்டியது. முந்தைய நாள் என்ன சாப்பிட்டோம் என்பதுகூடக் கணக்கில் நுழைகிறது. 1929இல் இங்கிலாந்தில் சில்வியா டிக்கின்சன் மிதிக்கும் வேகத்தை மாற்றி மாற்றிப் பார்த்து, உச்சச் செயல்திறன் 21.5 விழுக்காடு என்றும், அது நிமிடத்துக்கு 33 சுற்று என்ற மிக மெதுவான வேகத்தில் கிடைக்கிறது என்றும் கண்டார். பந்தய வீரர்கள் 80, 90 சுற்றுகளுக்குக் குறையாமல் மிதிப்பவர்கள். சிக்கனமான வேகமும் வெல்லும் வேகமும் ஒன்றல்ல. செலவழித்த ஐந்து பங்கில் ஏறத்தாழ ஒரு பங்கே மிதிக்குப் போகிறது, மீதி வெப்பமாகிறது என்ற பொது முடிவு அன்றிலிருந்து பெரிதாக மாறவில்லை. ஆனால் ஆளுக்கு ஆள் வேறுபாடு உண்டு. 1992இல் கோய்லும் குழுவினரும் பயிற்சி பெற்ற சைக்கிள் வீரர்களிடம், மெதுவாகச் சுருங்கும் தசைநார்கள் எவ்வளவு அதிகமோ அவ்வளவு செயல்திறனும் கூடுகிறது என்று காட்டினார்கள்.

அறையை விட்டுச் சாலைக்கு வந்ததும் வேறொரு சிக்கல் எழுகிறது. எர்கோமீட்டரில் காற்று இல்லை. 1953 எவரெஸ்ட் பயணக் குழுவில் உடலியங்கியலாளராகப் போன கிரிஃபித் பியூ, 1974இல் பந்தய வீரர்களைச் சாலையிலும் எர்கோமீட்டரிலும் ஓட்டவைத்து ஆக்சிஜனை அளந்தார். எர்கோமீட்டரில் எந்த உழைப்புக்கு எவ்வளவு ஆக்சிஜன் என்று தெரியுமாதலால், சாலையில் செலவான ஆக்சிஜனைக் கொண்டு அங்கே செய்த வேலையை ஊகித்து, அதிலிருந்து காற்றின் தடையைப் பிரித்தெடுத்தார். சமதளத்தில் வேகம் கூடக்கூடக் காற்றை எதிர்க்கத் தேவையான திறன் வேகத்தின் மும்மடியாக ஏறுகிறது. மணிக்கு 20 கிலோமீட்டரில் போகும்போது எதிரே 10 கிலோமீட்டர் காற்று வீசினால், காற்றுக்காகச் செலவிடும் திறன் இரண்டேகால் மடங்காகிவிடும். மறுபுறம், 1990இல் மெக்கோலும் குழுவினரும் அளந்தபடி, மணிக்கு 40 கிலோமீட்டரில் ஒருவர் பின்னால் ஒட்டிப் போனாலே ஆக்சிஜன் செலவு 27 விழுக்காடு குறைகிறது. எட்டுப் பேர் கூட்டத்தின் பின்னால் போனால் 39 விழுக்காடு. ஒரே வேகத்தில் ஒரே சாலையில் போகும் இருவரின் செலவு இவ்வளவு விலகுமென்றால், வேகத்தை மட்டும் வைத்து கலோரி சொல்லும் முறை எவ்வளவு தூரம் தாங்கும்?

ஆனால் உலகெங்கும் பரவியது அந்த முறைதான். 1993இல் பார்பரா ஐன்ஸ்வொர்த்தும் குழுவினரும் உடல் இயக்கங்களின் தொகுப்பு ஒன்றை வெளியிட்டார்கள். ஒவ்வொரு செயலும் ஓய்வு நிலையைப் போல் எத்தனை மடங்கு ஆற்றல் கேட்கிறது என்பதை 'மெட்' என்ற அலகில் தந்தது அது. 2011 திருத்தத்தின்படி மணிக்கு 12 முதல் 13.9 மைல்வரை, அதாவது ஏறத்தாழ 19 முதல் 22 கிலோமீட்டர்வரை சைக்கிள் ஓட்டினால் 8 மெட். அடுத்த படியில் 10. எடைக் கிலோவுக்கு ஒரு மணியில் ஒரு கலோரி என்பது ஒரு மெட் என்பதால், 60 கிலோ எடையுள்ளவர் முதல் படியில் 480 கலோரியும் அடுத்த படியில் 600 கலோரியும் செலவழிப்பதாக வரும். படியின் விளிம்பில் ஓட்டுபவர் கடுகளவு வேகம் கூட்டினால் கணக்கில் 120 கலோரி எகிறும். இது தொகுத்தவர்களின் குற்றமல்ல. மக்கள்தொகை ஆய்வுகளில் வினாத்தாள் விடைகளை ஒரே சீராகக் குறியிடவே அதை உருவாக்கினார்கள். தனி ஒருவரின் செலவைத் துல்லியமாகக் கணிக்க அல்ல என்று அவர்களே சொல்லியிருக்கிறார்கள். அந்த எச்சரிக்கை அட்டவணையோடு பயணம் செய்யவில்லை.

மெட் என்ற அலகின் அடித்தளமும் ஆடுகிறது. ஓய்வில் கிலோவுக்கு நிமிடத்துக்கு 3.5 மில்லிலிட்டர் ஆக்சிஜன் என்பது அதன் வரையறை. 2005இல் பைர்னும் குழுவினரும் 769 பேரை அளந்தபோது சராசரி சுமார் 2.6 மில்லிலிட்டர்தான் வந்தது. பெனடிக்டும் கேத்கார்ட்டும் எச்சரித்த அடிநிலைச் சிக்கல், தொண்ணூறு ஆண்டுகள் கழித்து வேறு உருவில் திரும்பி வந்திருக்கிறது.

ஆய்வுக்கூடத்துக்கு வெளியே பல நாள் செலவை அளக்க வேறொரு வழி திறந்தது. 1955இல் மினசோட்டாவில் நேத்தன் லிஃப்சன் விலங்குகளுக்காக வகுத்த முறை அது. கனமான ஹைட்ரஜனும் கனமான ஆக்சிஜனும் கலந்த நீரைக் குடிக்கவைப்பார்கள். ஹைட்ரஜன் நீராக மட்டுமே உடலை விட்டு வெளியேறும். ஆக்சிஜன் நீராகவும் கார்பன் டை ஆக்சைடாகவும் வெளியேறும். இரண்டும் குறையும் வேகத்தின் வேறுபாடு, உடல் விட்ட கார்பன் டை ஆக்சைடின் அளவைத் தந்துவிடும். 1980களில் வெஸ்டர்டெர்ப் உள்ளிட்ட நெதர்லாந்து ஆய்வாளர்கள் இம்முறையை டூர் டி பிரான்ஸ் வீரர்களிடம் பயன்படுத்தினார்கள். அவர்களின் நாள் செலவு அடிப்படை வளர்சிதை வீதத்தைப் போல் நான்கைந்து மடங்குவரை போனது. அவர்கள் உண்டதே நாளொன்றுக்குச் சராசரி 5,900 கலோரி அளவு. இம்முறை பல நாள் மொத்தத்தை நன்றாகச் சொல்லும், ஒரு மணி நேரச் சவாரியைப் பற்றி எதுவும் சொல்லாது.

அதற்கு விடை மிதியிலேயே கிடைத்தது. 1986இல் ஜெர்மனியின் உல்ரிக் ஷோபரர் கிராங்கில் திரிபு உணரிகளைப் பொருத்தி, ஓடும் சைக்கிளிலேயே வாட் கணக்கைக் காட்டும் கருவியை உருவாக்கினார். பாஸ்டனில் செம்புத் தட்டு செய்த வேலையை இப்போது சாலையிலேயே செய்ய முடிந்தது. காற்று, மேடு, முன்னால் போகிறவரின் மறைப்பு எல்லாம் அந்த வாட் எண்ணுக்குள் தாமாகவே அடங்கிவிடுகின்றன. இங்கே ஓர் அழகான தற்செயல் உண்டு. ஒரு கலோரி 4.184 கிலோஜூல், உடலின் செயல்திறன் 24 விழுக்காட்டை ஒட்டி இருந்தால் இரண்டும் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு, மிதியில் செய்த கிலோஜூலும் உடல் செலவழித்த கலோரியும் ஏறத்தாழ ஒரே எண்ணாகிவிடும். சைக்கிள்காரர்களின் வாய்க்கணக்கு இதுதான். ஒரு மணி நேரம் 100 வாட்டில் மிதித்தால் 360 கிலோஜூல், ஆகவே 360 கலோரி. ஆனால் செயல்திறன் 20 விழுக்காடு உள்ளவருக்கு அதே வேலை 430 கலோரி. 25 விழுக்காடு உள்ளவருக்கு 344. கருவி ஒருவருடைய செயல்திறனை அளப்பதில்லை, அனுமானிக்கிறது.

இதயத் துடிப்பை நம்பும் கைக்கடிகாரங்களின் நிலை இன்னும் மோசம். 2017இல் ஸ்டான்ஃபோர்ட் ஆய்வாளர்கள் ஏழு கருவிகளை 60 பேரிடம் சோதித்தார்கள். சோதனையில் செய்யவைத்த செயல்களில் சைக்கிள் மிதிப்பதும் ஒன்று. ஆறு கருவிகள் துடிப்பை ஐந்து விழுக்காட்டுக்குள் சரியாகச் சொன்னன. கலோரியிலோ மிகச் சிறந்த கருவிக்கே சராசரிப் பிழை 27 விழுக்காடு, மிக மோசமானதற்கு 93. துடிப்பு உழைப்பால் மட்டும் ஏறுவதில்லை. வெயிலும் நீர்வற்றலும் தூக்கக் குறைவும் பதற்றமும் அதை ஏற்றும்.

இந்த முறைகளை ஒரே சவாரியில் வைத்துப் பார்த்தால் இடைவெளி தெரியும். 60 கிலோ எடையுள்ளவர், 15 கிலோ எடையுள்ள சாதாரண சைக்கிளில், காற்றில்லாத சமதளத்தில் நிமிர்ந்து உட்கார்ந்து மணிக்கு 20 கிலோமீட்டரில் ஒரு மணி நேரம் போகிறார் என்று கொள்வோம். காற்றுத் தடையையும் டயர் உருளும் தடையையும் கூட்டினால் அவர் 90 வாட் அளவில் மிதிக்க வேண்டியிருக்கும். அது 324 கிலோஜூல். செயல்திறன் 22 விழுக்காடு என்றால் மொத்தச் செலவு ஏறத்தாழ 350 கலோரி. சும்மா உட்கார்ந்திருந்தாலும் போயிருக்கும் பங்கைக் கழித்தால் சவாரிக்கென்று நிற்பது 300 அளவு. மெட் அட்டவணை அதே சவாரிக்குச் சொல்வது 480. எடை குறைப்பதற்காகச் சைக்கிளில் போய்விட்டு, திரையில் கண்ட எண்ணுக்கு ஈடாகச் சாப்பிடலாம் என்று எண்ணுபவர் கணக்கில் கொள்ள வேண்டியது அந்த 300ஐத்தான்.