குறும்பிவாங்கி

பழைய டெல்லித் தெருவில் சிவப்புத் தலைப்பாகை கண்ணில் பட்டால், காது குடைபவர் வந்துவிட்டார் என்று அர்த்தம். தலைப்பாகை மடிப்பில் செருகிய மெல்லிய கம்பி, நுனியில் சுற்றப் பஞ்சு, கையில் எண்ணெய்க் குப்பி. வாடிக்கையாளர் கண்ணை மூடித் தலையைச் சாய்த்துவிடுவார். அந்தக் கை நிதானம் பெரிய திறமைதான்; ஆனால் செவிப்பறைக்கும் கம்பிக்கும் நடுவே இருப்பது நூலிழை தூரம்.

தமிழில் காது அழுக்குக்குக் குறும்பி என்று பெயர்; அதை எடுக்கும் இந்தக் கம்பிக்குக் 'குறும்பிவாங்கி' என்று பெயரே உண்டு.

பழைய ஆயுர்வேத நூலான சுசுருத சம்ஹிதை காதுக் குறும்பிக்குச் சொல்லும் வரிசை வியப்பானது: முதலில் எண்ணெயால் ஊறவை, ஒற்றடத்தால் இளக்கு, பிறகே கம்பியைத் தொடு. இன்றைய மருத்துவரும் சொட்டு மருந்தால் இளக்கிய பிறகே பெரும்பாலும் நீர் பீய்ச்சியோ உறிஞ்சியோ எடுக்கிறார். செவிப்பறையில் ஓட்டையோ காதில் சீழோ இருந்தால் குறும்பியை இளக்கும் சொட்டு மருந்தும் நீரும் கூடாது.

1923-இல் அமெரிக்காவில் லியோ கெர்ஸ்டன்சாங் பஞ்சுக் குச்சியை விற்பனைக்குக் கொண்டுவந்தார். குறும்பிவாங்கி வீட்டுக்குள் வந்தது, ஆபத்தும் கூடவே வந்தது. குச்சி குறும்பியை வெளியே இழுப்பதைவிட உள்ளே தள்ளி அடைப்பதே அதிகம். காதுக்குள் விடாதீர்கள் என்று இன்று அதன் பெட்டியிலேயே அச்சிடுகிறார்கள்.