சிவகாமி ஆடிய மண்டபம் எது?

மாமல்லபுரத்தில் ஒருநாள் கடற்கரைக் கோயிலுக்கு வெளியே இளநீர் குடித்துக்கொண்டு நின்றிருந்தேன். குடும்பத்தோடு வந்திருந்த ஒரு பெரியவர், என்னை உள்ளூர்க்காரன் என்று நினைத்துவிட்டார்.

“தம்பி, சிவகாமி டான்ஸ் ஆடின மண்டபம் எந்தப் பக்கம்?”

‘அப்படி ஒரு பெண் பிறக்கவே இல்லை சார், அது கல்கி செய்த வேலை’ என்று சொல்லியிருக்கலாம். ஆனால், அவர் முகத்தில் இருந்த ஆசையைப் பார்த்ததும் வாய் வரவில்லை. பொதுவாகக் கையைக் காட்டிவிட்டு நழுவிவிட்டேன். அந்தப் பாவத்துக்குப் பரிகாரம்தான் இந்த வாரக் கட்டுரை!

‘சிவகாமியின் சபதம்’ 1944 முதல் 1946 வரை ‘கல்கி’ பத்திரிகையில் தொடராக வந்தது. கதைக்கு விதை விழுந்த இடமே மாமல்லபுரக் கடற்கரைதான். பக்கத்தில் ரசிகமணி டி.கே.சி. உட்கார்ந்திருக்க, பழைய பல்லவர் காலம் கல்கியின் கண்முன் விரிந்தது. பரஞ்சோதி யாத்திரை, காஞ்சி முற்றுகை, பிக்ஷுவின் காதல், சிதைந்த கனவு என்று நாலு பாகம். நாலாவது பாகத்தின் தலைப்பே முடிவைச் சொல்லிவிடுகிறது, பாருங்கள்!

செங்கல்பட்டில் எங்கள் வீட்டிலும் அந்தத் தொடரைக் கிழித்து, சேர்த்து, நூல் போட்டுத் தைத்த பைண்டு புத்தகம் ஒன்று இருந்தது. அதை வைத்துக்கொண்டு நடந்த சண்டைகளைக் கேட்டு வளர்ந்தவன் நான்.

அம்மா, மாமல்லர் கட்சி. “வாதாபிக்கே மாறுவேஷத்துல போய்க் கூப்பிட்டாரு. வந்திருக்க வேண்டியதுதானே? ஊரைக் கொளுத்தினாத்தான் வருவேன்னு சபதம் போட்டா, யாரு என்ன பண்றது?” என்பார்.

அத்தைக்குப் பொத்துக்கொண்டு வரும். “அது சரி அண்ணி! அவ அங்க சிறையில கிடக்கறா... இவரு இங்க பாண்டியன் பொண்ணைக் கட்டிக்கிட்டுக் குழந்தையும் பெத்துக்கிட்டாரு. ஊரைக் கொளுத்திட்டா ஆச்சா?”

தாத்தா மூன்றாவது கட்சி. “காதலை விட்டுத் தள்ளுங்க. முற்றுகையைப் படிங்க. அதான் சரித்திரம்!”

சண்டை எங்கள் வீட்டோடு நிற்கவில்லை. மணிக்கொடிக்காரர்களும் அவர்கள் வழி வந்தவர்களும், ‘கல்கி எழுதுவது பொழுதுபோக்கு, இலக்கியம் இல்லை’ என்றார்கள். வீட்டுத் திண்ணைகளோ அதைக் காதில் வாங்காமல் அடுத்த இதழுக்குக் காத்துக்கிடந்தன.

சரி, யார் சொன்னது சரி? நான் பி.காம். படித்தவன். எதையும் வரவு, செலவு என்று இரண்டு பக்கமாகப் பிரித்துப் பார்க்காவிட்டால் எனக்குத் தூக்கம் வராது.

முதலில் வரவு. மகேந்திரவர்மன் நிஜம். செங்கல்பட்டை ஒட்டியிருக்கிற வல்லத்துக்குப் போனால், அவன் காலத்தில் பாறையைக் குடைந்து செய்த கோயிலை இன்றைக்கும் பார்க்கலாம். புலிகேசி நிஜம். அவன் படை கிளப்பிய புழுதியில் பல்லவன் காஞ்சி மதிலுக்குள் ஒளிந்துகொண்டான் என்று கி.பி. 634-ஐ ஒட்டி ஐஹொளே கல்வெட்டில் அவனுடைய புலவன் ரவிகீர்த்தி பீற்றிக்கொண்டிருக்கிறான். பதிலடியும் நிஜம். நரசிம்மவர்மன் மணிமங்கலம் உள்ளிட்ட இடங்களில் புலிகேசியைத் தோற்கடித்தான் என்கிறது கூரம் செப்பேடு. தாம்பரம் பக்கத்தில் இருக்கிற அதே மணிமங்கலம்தான்! வாதாபி வீழ்ந்தது கி.பி. 642 வாக்கில். பல்லவன் பெயர் சொல்லும் கல்வெட்டு வாதாபிப் பாறையிலேயே இருக்கிறது. பரஞ்சோதிதான் சிறுத்தொண்டர். வாதாபியை அழித்த கதையைப் பெரியபுராணமே சொல்கிறது.

இப்போது செலவு. சிவகாமி கற்பனை. அவள் அப்பா ஆயனச் சிற்பி கற்பனை. புலிகேசிக்கு அச்சாக ஒத்த முகமுள்ள நாகநந்தியும் கற்பனை. கல்வெட்டிலோ செப்பேட்டிலோ இவர்கள் மூவரும் கிடையாது.

இன்னொரு பெரிய செலவும் உண்டு. மாமல்லபுரம் என்றாலே மகேந்திரனும் மாமல்லனும் செதுக்க வைத்தது என்று நாவல் நம் மனசில் பதித்துவிட்டது. தொல்லியல் அறிஞர் இரா. நாகசாமி 1962-இல் ஒரு குண்டைத் தூக்கிப் போட்டார். அங்குள்ள சின்னங்கள் எல்லாமே இன்னும் இரண்டு மூன்று தலைமுறை தள்ளி வந்த ராஜசிம்மன் காலத்தவை என்பது அவர் வாதம். கல்வெட்டுகளில் வருகிற பட்டப்பெயர்களை வைத்து வாதாடினார். எல்லாரும் ஒப்புக்கொள்ளவில்லை. வழக்கு இன்னும் முடியவில்லை. ஆனால், இப்படி ஒரு வழக்கு இருப்பதே நாவல் படித்தவர்களில் பாதிப்பேருக்குத் தெரியாது!

அம்மாவும் அத்தையும் கவனிக்காத சங்கதி ஒன்று. இந்தக் கதைக்கு முன்னாடியே கல்கி ‘பார்த்திபன் கனவு’ எழுதிவிட்டார். அதில் நரசிம்மவர்மனுக்கு வயசுக்கு வந்த மகள் இருக்கிறாள், குந்தவி. சரித்திரத்திலோ நரசிம்மவர்மனுக்குப் பிறகு அவன் மகன் இரண்டாம் மகேந்திரவர்மன் பட்டத்துக்கு வருகிறான். ஆக, ஒரு பக்கம் கல்கியின் பழைய நாவல், இன்னொரு பக்கம் சரித்திரம். ராஜாவுக்கு ராணி வேண்டும், வாரிசு வேண்டும். சிற்பி மகளுக்கு அரண்மனையில் இடமே இல்லை. முதல் அத்தியாயம் வருவதற்கு முன்பே சிவகாமியின் தலையெழுத்து எழுதியாகிவிட்டது. கடைசியில் அவள் ஏகாம்பரநாதரையே கணவனாக வரித்துக்கொள்கிறாள். அத்தை அந்தப் பக்கத்தை மட்டும் சத்தம் போட்டுப் படிக்க மாட்டார். அத்தை இளம் வயதிலேயே கணவரை இழந்தவர் என்பதை அந்த வயதில் நான் யோசித்துப் பார்த்ததில்லை.

கணக்கை முடிப்போமா? அதற்கு நீங்கள் ஒரு காரியம் செய்ய வேண்டும்.

செங்கல்பட்டிலிருந்து திருக்கழுக்குன்றம் வழியாகப் போனால் மாமல்லபுரத்துக்குச் சற்று முன்னால் பூஞ்சேரி வரும். அங்கே ஒரு பாறையில் சில பெயர்கள் வெட்டப்பட்டிருக்கின்றன. கேவாத பெருந்தச்சன்... குணமல்லன்... இன்னும் சிலர். ராஜாக்கள் இல்லை. மாமல்லபுரத்தில் உளி பிடித்தவர்களின் பெயர்கள் என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். எந்தக் கோயிலிலும் இடம் கிடைக்காமல், ஊருக்கு வெளியே ஒரு பாறையில் தங்கள் பெயரைத் தாங்களே எழுதிக்கொண்டவர்கள்!

இல்லாத ஆயனரைத் தமிழ்நாட்டுக்கே தெரியும். இருந்த பெருந்தச்சனை யாருக்கும் தெரியாது. நாவல்மேல் எனக்கு இருக்கும் ஒரே வருத்தம் இதுதான். ஆனால், ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். ‘இதையெல்லாம் செதுக்கின மனுஷன் யார், அவன் வீட்டில் என்ன நடந்திருக்கும்?’ என்று என்னைக் கேட்க வைத்தது கல்கிதான். ஆயனரைப் படிக்காமல் இருந்திருந்தால் நான் பூஞ்சேரிக்கே போயிருக்க மாட்டேன்.

இப்போது அந்தப் பெரியவர் கேட்டால் என்ன சொல்வேன் தெரியுமா?

“சிவகாமி ஆடின மண்டபம் இங்கே இல்லீங்க. ஆனா, அவங்க அப்பா மாதிரி ஆளுங்களோட கையெழுத்து பக்கத்துலதான் இருக்கு. வாங்க, ஒரு எட்டு போய்ப் பார்த்துட்டு வந்துடலாம்!”