மென்பொருளுக்கு விலை வந்த கதை

கணினி பற்றிய எந்த ஆரம்பப் பாடத்தை எடுத்தாலும் முதல் பக்கத்திலேயே இரண்டு சொற்கள் வந்துவிடும். கையால் தொட முடிந்தது வன்பொருள், அதாவது ஹார்டுவேர். தொட முடியாதது மென்பொருள், அதாவது சாஃப்ட்வேர். தேர்வில் இரண்டு மதிப்பெண்ணுக்கு இது போதும். ஆனால் முதல் கணினிகள் வந்தபோது இப்படி ஒரு பிரிவே கிடையாது. மென்பொருள் என்ற சொல்லே அப்போது பிறக்கவில்லை!

ஏன், கம்ப்யூட்டர் என்ற சொல்லே முன்பு இயந்திரத்தைக் குறிக்கவில்லை, ஆளைக் குறித்தது. உட்கார்ந்து கணக்குப் போடுவதை வேலையாகக் கொண்டவருக்கு அந்தப் பெயர். இரண்டாம் உலகப் போரின்போது அமெரிக்காவின் பிலடெல்பியாவில், பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தின் மூர் பொறியியல் பள்ளியில் ஏராளமான பெண்கள் இந்த வேலையில் இருந்தார்கள். பீரங்கிக் குண்டு எந்தக் கோணத்தில் சுட்டால் எங்கே போய் விழும் என்று கணக்கிட்டு ராணுவத்துக்கு அட்டவணை போட்டுத் தருவது அவர்கள் பணி. ஒரே ஒரு குண்டின் பாதையைக் கையால் கணக்கிடப் பல மணி நேரம் ஆகும்.

இந்தக் கணக்கை வேகமாகப் போடத்தான் எனியாக் கட்டப்பட்டது. சுமார் 18,000 வால்வுகள், 30 டன் எடை, ஒரு பெரிய அறை நிறைய இரும்பு அலமாரிகள். 1946 பிப்ரவரியில் உலகத்துக்குக் காட்டப்பட்டது. இதற்குள் புரோகிராம் எங்கே இருந்தது தெரியுமா? எங்கேயும் இல்லை! ஒரு கணக்கு முடிந்து அடுத்த கணக்குக்குப் போக வேண்டும் என்றால் கம்பிகளைப் பிடுங்கி வேறு இடத்தில் சொருக வேண்டும், சுவிட்சுகளைத் திருப்ப வேண்டும். சில சமயம் அதற்கே நாள் கணக்கில் ஆகும். இதில் எது வன்பொருள், எது மென்பொருள் என்று கேட்டால் யாராலும் சொல்ல முடியாது.

அந்தக் கம்பிகளை எங்கே சொருக வேண்டும் என்று கண்டுபிடித்தவர்கள் ஆறு பெண்கள். கேய் மெக்நல்டி, பெட்டி ஜென்னிங்ஸ், பெட்டி ஸ்னைடர், மார்லின் வெஸ்காஃப், ஃபிரான் பிலாஸ், ரூத் லிக்டர்மன். கையேடு எதுவும் கிடையாது, இயந்திரத்தின் வரைபடங்களைப் பார்த்தே கற்றுக்கொண்டார்கள். விழாவில் காட்டிய கணக்கை ஓட வைத்தது ஜென்னிங்ஸும் ஸ்னைடரும்தான். ஆனால் அன்று இரவு நடந்த விருந்துக்கு அவர்களுக்கு அழைப்பு இல்லை. இரும்பைக் கட்டியவர்கள் பொறியாளர்கள், அதை ஓட்டுவது ஏதோ குமாஸ்தா வேலை என்ற நினைப்பு. பெயர் இல்லாத வேலைக்கு மரியாதை எங்கிருந்து வரும்?

புரோகிராமைக் கம்பியிலிருந்து பிரித்தெடுக்கும் வழி 1945 ஜூனில் ஜான் வான் நியூமன் எழுதிய அறிக்கையில் இருந்தது. (இந்த யோசனையில் எனியாக்கைக் கட்டிய எக்கர்ட், மாக்லி இருவருக்கும் எவ்வளவு பங்கு என்பது தனிச் சண்டை.) கட்டளைகளையும் எண்களாக்கி, கணக்குக்கான எண்களோடு சேர்த்து ஒரே இடத்தில் வைத்துவிடலாம் என்பதுதான் அது. மனித மூளையோடு ஒப்பிட்டு அந்த இடத்துக்கு அவர் சொன்ன பெயர் மெமரி. தமிழில் நினைவகம் என்பது அதன் வழியாக வந்தது. 1948 ஜூன் 21 அன்று இங்கிலாந்தின் மான்செஸ்டரில் அப்படிப்பட்ட ஒரு இயந்திரம் முதல் முறையாக ஓடியது. இனி கணக்கை மாற்ற கம்பியைப் பிடுங்க வேண்டாம், எண்களை மாற்றினால் போதும்.

அதே 1948-ல் கிளாட் ஷானனின் புகழ்பெற்ற கட்டுரையில் பிட் என்ற சொல் வந்தது. அதைச் சொன்னவர் ஜான் டூக்கி என்று ஷானனே எழுதியிருக்கிறார். பைட் 1956-ல் ஐ.பி.எம்.மின் வெர்னர் புக்ஹோல்ஸ் வைத்த பெயர். அதே டூக்கிதான் 1958-ல் ஒரு கணித இதழில் சாஃப்ட்வேர் என்று எழுதினார். வால்வு, டிரான்சிஸ்டர், கம்பி போன்ற ஹார்டுவேருக்கு எந்த விதத்திலும் குறையாத முக்கியத்துவம் இதற்கு உண்டு என்பது அவர் கருத்து. ஹார்டுவேர் என்பதோ ஆணி, கீல், தாழ்ப்பாள் விற்கும் கடைக்காரரின் பழைய சொல். நம்மூர் கடைப் பலகைகளில் இன்றைக்கும் அந்தப் பொருளில்தான் இருக்கிறது.

சரி, பெயர் வந்துவிட்டது. விலை? அது வர இன்னும் பதினோரு ஆண்டுகள் ஆயின. அதுவரை ஐ.பி.எம். பெரும்பாலும் இயந்திரத்தை வாடகைக்குக் கொடுக்கும், புரோகிராம்களும் பயிற்சியும் அந்த வாடகையிலேயே அடக்கம். துணிக்கடையில் புடவை எடுத்தால் பை இலவசமாகக் கிடைப்பது போல! பை மட்டும் தயாரித்து விற்க நினைத்தவர்கள் பாடு திண்டாட்டம். ஏ.டி.ஆர். என்ற சிறு நிறுவனம் ஆட்டோஃப்ளோ என்று ஒரு மென்பொருளை விற்க முயன்றது. அது போன்ற ஒன்றை ஐ.பி.எம். சும்மா கொடுக்கும்போது யார் காசு கொடுப்பார்கள்? ஏ.டி.ஆர். வழக்குப் போட்டது. அதற்கு முன்பே, 1969 ஜனவரியில், அமெரிக்க அரசும் ஏகபோகத்துக்கு எதிரான சட்டத்தின் கீழ் ஐ.பி.எம். மீது வழக்குத் தொடர்ந்திருந்தது.

1969 ஜூன் 23 அன்று ஐ.பி.எம். இறங்கி வந்தது. மென்பொருளுக்குத் தனியாகக் கட்டணம் என்று அறிவித்தது. அதற்கு ஈடாக இயந்திரங்களின் விலையில் குறைத்தது வெறும் 3 சதவீதம். அப்படியென்றால் இத்தனை காலம் கொடுத்த மென்பொருளின் மதிப்பு அவ்வளவுதானா என்று வாடிக்கையாளர்கள் முணுமுணுத்ததில் நியாயம் இருக்கிறது. அடக்க விலைக் கணக்கு படித்தவர்களுக்கு இதில் நல்ல பயிற்சிக் கணக்கு ஒன்று ஒளிந்திருக்கிறது! எப்படியோ, மென்பொருளை மட்டும் விற்றுப் பிழைக்கலாம் என்ற நம்பிக்கை பலருக்கு வந்தது இதற்குப் பிறகுதான். 1976-ல் இருபது வயது பில் கேட்ஸ், தங்கள் பேசிக் மென்பொருளைக் காசு கொடுக்காமல் நகல் எடுப்பவர்களைத் திட்டிப் பகிரங்கக் கடிதமே எழுதினார்.

விலை வந்தால் பின்னாலேயே வரி வரும். இந்தியாவில் ஆந்திரப் பிரதேச அரசு கடையில் விற்கும் மென்பொருளுக்கு விற்பனை வரி கேட்டது. டாட்டா கன்சல்டன்சி சர்வீசஸ் எதிர்த்தது. விற்பனை வரி சரக்குக்குத்தான், கண்ணுக்குத் தெரியாத அறிவுச் சொத்தை எப்படிச் சரக்கு என்பது என்பது அவர்கள் வாதம். வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய், ஐந்து நீதிபதிகள் அமர்வு 2004 நவம்பர் 5 அன்று தீர்ப்பு சொன்னது. சி.டி.யிலோ பிளாப்பியிலோ பதிந்து விற்பனைக்கு வந்துவிட்டால் மென்பொருளும் சரக்குதான், வரி கட்ட வேண்டும்.

தமிழில் அதற்கு மென்பொருள் என்று பெயர் வைத்தவர்கள் அது பொருள்தான் என்று முன்பே முடிவு செய்துவிட்டார்கள் போலிருக்கிறது.