கிழக்கு ஆப்பிரிக்கச் சமூகம்: கூட்டுக்குள் ஒரு பங்கு வழக்கு

கிழக்கு ஆப்பிரிக்கச் சமூகம் 1977இல் ஏன் உடைந்தது என்று கேட்டால் இரண்டு விடைகள் உடனே வரும். உகாண்டாவில் இடி அமீன் ஆட்சியைப் பிடித்தபின் டான்சானிய அதிபர் ஜூலியஸ் நைரேரே அவருடன் அமர மறுத்தார் என்பது ஒன்று. கென்யா முதலாளித்துவ வழியிலும் டான்சானியா சோசலிச வழியிலும் போயின என்பது மற்றொன்று. இரண்டும் உண்மையே. ஆனால் இவை நேர்வதற்கு அரை நூற்றாண்டு முன்பே அந்தக் கூட்டுக்குள் ஒரு வழக்கு ஓடிக்கொண்டிருந்தது: சேர்ந்து ஈட்டியதில் யாருக்கு எவ்வளவு? புத்துயிர் பெற்று இன்று எட்டு நாடுகளாக விரிந்துள்ள சமூகமும் அந்த வழக்கைத் தீர்க்காமலே வளர்ந்திருக்கிறது என்பது என் முடிவு.

வழக்கின் வேர் ஒரு ரயில்பாதையில் இருக்கிறது. 1896க்கும் 1901க்கும் இடையில் மொம்பாசா துறைமுகத்திலிருந்து விக்டோரியா ஏரிக்கரை வரை பிரிட்டன் பாதை போட்டது. அதற்காக இந்தியாவிலிருந்து, பெரும்பாலும் பஞ்சாபிலிருந்து, முப்பதாயிரத்துக்கும் மேற்பட்ட தொழிலாளர்கள் ஒப்பந்தத்தில் கொண்டுபோகப்பட்டனர். பாதையின் நடுவே ரயில்வே கிடங்காகத் தொடங்கிய நைரோபி சில ஆண்டுகளில் ஆட்சித் தலைநகரானது. கடலைக் காணாத உகாண்டாவின் பருத்தியும் காப்பியும் கென்யாவின் வழியாகவே கப்பல் ஏறின. கூட்டு எழுத்தில் வருவதற்கு முன்பே அதன் கனம் எந்தப் பக்கம் சாயும் என்பதைத் தண்டவாளம் தீர்மானித்துவிட்டது.

1917இல் கென்யாவும் உகாண்டாவும் ஒரே சுங்க எல்லைக்குள் வந்தன. முதல் உலகப் போருக்குப் பின் ஜெர்மனியிடமிருந்து பிரிட்டனின் பொறுப்புக்கு வந்த டாங்கனீக்கா (இன்றைய டான்சானியாவின் பெருநிலப் பகுதி), 1927க்குள் படிப்படியாக இணைந்தது. மூன்றுக்கும் ஒரே நாணயம். அதை லண்டனில் இருந்த நாணய வாரியம் வெளியிட்டது. இந்த ஏற்பாட்டின் முதல் பலன் கென்ய மேட்டுநிலத்தின் வெள்ளைக் குடியேறிகளுக்குப் போனது. அவர்களுடைய கோதுமையையும் வெண்ணெயையும் காக்க வெளிச் சரக்கின் மீது சுங்கம் உயர்த்தப்பட்டது. அந்தக் கூடுதல் விலையை உகாண்டாவிலும் டாங்கனீக்காவிலும் இருந்தவர்களும் கொடுத்தார்கள். தங்கள் கருவூலத்துக்கு வர வேண்டிய வரி கென்யப் பண்ணைகளுக்கு மானியமாகப் போகிறது என்ற முறையீடு 1920களிலேயே எழுந்துவிட்டது.

அந்த முறையீட்டை முதன்முதலில் கணக்காக மாற்ற முயன்றது 1960–61இன் ரெய்ஸ்மன் குழு. சர் ஜெரமி ரெய்ஸ்மன் இந்திய வாசகர்களுக்குப் புதியவர் அல்லர். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் வைசிராய் அவையின் நிதி உறுப்பினராக இருந்தவர், பின்னர் பாகிஸ்தானின் மத்திய அரசுக்கும் மாகாணங்களுக்கும் இடையே வருவாயைப் பிரித்துக் கொடுத்தவர். கிழக்கு ஆப்பிரிக்காவுக்கு அவர் பரிந்துரைத்தது ஒரு பகிர்வு நிதி. சுங்கம், கலால் வருவாயில் 6 விழுக்காடும், உற்பத்தி மற்றும் நிதித்துறை நிறுவனங்கள் கட்டும் வருமான வரியில் 40 விழுக்காடும் அதில் சேரும். பாதி பொதுச் சேவைகளுக்கு. மீதிப் பாதி மூன்று நாடுகளுக்கும் சரிசமமாக. நிறுவனங்கள் நைரோபியில் குவிந்திருந்ததால் கென்யா அதிகம் போட்டு, சமமாக எடுத்தது. சிறிய ஏற்பாடுதான். ஆயினும் கூட்டு ஒருவருக்கு அதிகம் தருகிறது, ஆகவே அவர் கொஞ்சம் திருப்பித் தர வேண்டும் என்ற ஒப்புதல் முதன்முறையாக எழுத்தில் ஏறியது. விடுதலைக்கு முந்தைய ஆவணங்களில் எனக்கு மிக முக்கியமாகப் படுவது இதுவே.

கூட்டாட்சிக் கனவும் அப்போதுதான் உச்சத்தில் இருந்தது. மூன்று நாடுகளும் ஒன்றாக விடுதலை பெறுமானால் டாங்கனீக்காவின் விடுதலையைத் தள்ளிவைக்கவும் தயார் என்று நைரேரே 1960இல் சொன்னார். தன் நாட்டின் விடுதலையைப் பணயமாக வைக்க முன்வந்த தலைவரை வரலாற்றில் எளிதாகக் காண முடியாது. 1963 ஜூனில் நைரேரேயும் கென்யாவின் ஜோமோ கென்யாட்டாவும் உகாண்டாவின் மில்டன் ஒபோட்டேயும் அந்த ஆண்டுக்குள் கூட்டாட்சி அமைப்போம் என்று நைரோபியில் அறிவித்தனர். அறிவிப்போடு நின்றது. உகாண்டாவுக்குள் புகாண்டா அரசு தன் தனி உரிமையை இழக்க மறுத்தது. உலக அரங்கில் தன் குரலை விட்டுக்கொடுக்க ஒபோட்டே தயங்கினார். கென்யாவுக்கோ விடுதலை நாள் குறிக்கப்பட்டதும் அவசரம் தணிந்தது.

அரசியல் இணைப்பு கைவிட்டுப் போனதும் பங்கு வழக்கு முன்னுக்கு வந்தது. 1964இன் கம்பாலா உடன்பாடு தொழிற்சாலைகளைப் பங்கிட முயன்றது: டயர் டாங்கனீக்காவுக்கு, சைக்கிள் உகாண்டாவுக்கு, மின்விளக்கு கென்யாவுக்கு. கென்யா அதற்குச் சட்ட ஏற்பு தரவில்லை. பின்னாளில் அருஷாவில் ஒரு டயர் தொழிற்சாலையும் நைரோபியில் ஒரு டயர் தொழிற்சாலையும் எழுந்தன. இரண்டில் ஒன்று போதும் என்று கணக்குப் போடத் தெரியாதவர்கள் எவரும் இல்லை. விட்டுக்கொடுப்பவருக்கு ஈடாக எதைத் தருவது என்பதில்தான் உடன்பாடு இல்லை. 1966இல் பொது நாணயமும் மூன்றாகப் பிரிந்தது.

இந்தப் பின்னணியில் டென்மார்க்கைச் சேர்ந்த கெல்ட் பிலிப் தலைமையிலான குழு உருவாக்கிய, சமூகத்தை நிறுவிய உடன்படிக்கை 1967 ஜூன் 6 அன்று கம்பாலாவில் கையெழுத்தானது. வெளியே அதிகம் பேசப்படாத இரண்டு கருவிகள் அதில் இருந்தன. ஒன்று மாற்று வரி. தொழிற்பொருள் வணிகத்தில் பற்றாக்குறையில் இருக்கும் நாடு, அந்தப் பற்றாக்குறையின் அளவுக்கு, கூட்டாளி நாட்டுச் சரக்கின் மீதே வரி போடலாம். அதே சரக்கை அது தானும் செய்ய வேண்டும், அல்லது விரைவில் செய்யும் நிலையில் இருக்க வேண்டும். வரி, வெளிச் சுங்கத்தில் பாதியைத் தாண்டக் கூடாது. எட்டு ஆண்டில் காலாவதியாகும். இரண்டாவது வளர்ச்சி வங்கி. மூன்று நாடுகளும் சமமாக முதல் போட்டன, கடனில் 38.75 விழுக்காடு டான்சானியாவுக்கு, அதே அளவு உகாண்டாவுக்கு, வெறும் 22.5 விழுக்காடு கென்யாவுக்கு. அலுவலகங்களும் பிரிக்கப்பட்டன. ரயில்வேயும் விமான நிறுவனமும் நைரோபியில் இருக்க, துறைமுகத் தலைமையகம் தாருஸ்ஸலாமுக்கும், அஞ்சல் கம்பாலாவுக்கும், செயலகம் அருஷாவுக்கும் போயின.

கருவிகள் நுட்பமானவை. ஆனால் மாற்று வரி ஒரு நாட்டின் சந்தையைக் காத்ததே தவிர அங்கே முதலீட்டைக் கொண்டுவரவில்லை. வங்கியிடம் இருந்த பணம் குறைவு. பன்னாட்டு நிறுவனங்கள் நைரோபியையே தேர்ந்தன. அதே 1967இன் தொடக்கத்தில் அருஷா பிரகடனத்தின் மூலம் டான்சானியா வங்கிகளையும் பெருந்தொழில்களையும் அரசுடைமையாக்கும் வழிக்குப் போயிருந்ததால் தனியார் முதல் அங்கே இன்னும் தயங்கியது.

1971 ஜனவரியில் அமீன் ஒபோட்டேயைக் கவிழ்த்தார். ஒபோட்டேக்கு நைரேரே அடைக்கலம் தந்தார். சமூகத்தின் உச்ச அதிகாரம் மூன்று அதிபர்களும் ஒருமனதாக முடிவெடுக்கும் அவையிடம் இருந்தது. அந்த அவை அதன்பின் கூடவே இல்லை. அமைச்சர்களும் அலுவலர்களும் ஆறு ஆண்டுகள் கோப்பிலேயே சமூகத்தை ஓட்டினார்கள். அவர்களுடைய பொறுமையை வரலாற்று நூல்கள் போதுமான அளவு போற்றவில்லை. பணம்தான் கடைசியில் அறுத்தது. ரயில்வேயும் விமானமும் ஒரு நாட்டில் ஈட்டியதைத் தலைமையகத்துக்கு அனுப்புவது நின்றது. கென்யாவின் கனரக லாரிகள் தங்கள் சாலைகளைச் சிதைக்கின்றன என்றது டான்சானியா. நைரோபியில் தங்கி செரெங்கெட்டியைச் சுற்றிப் பார்த்துவிட்டு நைரோபிக்கே திரும்பும் வெளிநாட்டுப் பயணிகளால் விலங்குகள் வாழும் நாட்டுக்குக் கிடைப்பது சொற்பம் என்ற குறையும் நெடுநாளாக இருந்தது. 1977 தொடக்கத்தில் கூட்டு விமான நிறுவனம் நின்றுபோக, கென்யா தனக்கென ஒன்றைத் தொடங்கியது. பிப்ரவரியில் டான்சானியா எல்லையை மூடியது. ஜூன் இறுதியில் அடுத்த ஆண்டுக்கான நிதிநிலை அறிக்கைக்கு ஒப்புதல் தர ஆள் இல்லை. சமூகம் முடிந்தது.

சொத்துப் பிரிப்பு ஏழு ஆண்டு எடுத்தது. சுவிட்சர்லாந்தின் விக்டர் உம்பிரிஷ்ட் நடுவராக இருந்து, 1984 மே 14 அன்று உடன்பாடு கண்டார்: கென்யாவுக்கு 42, டான்சானியாவுக்கு 32, உகாண்டாவுக்கு 26 விழுக்காடு. சேர்ந்திருந்தபோது ஒப்புக்கொள்ள முடியாத பங்கு விகிதத்தைப் பிரிந்தபின் ஒப்புக்கொண்டார்கள். வருங்காலத்தில் மீண்டும் ஒத்துழைக்க வழி தேடுவோம் என்ற ஒரு விதி அந்த ஆவணத்தில் இருந்தது. புதிய சமூகம் அந்த விதியிலிருந்து முளைத்தது.

கென்யாவின் மோய், உகாண்டாவின் முசேவேனி, டான்சானியாவின் ம்காப்பா ஆகிய மூன்று அதிபர்களும் 1999 நவம்பர் 30 அன்று கையெழுத்திட்ட உடன்படிக்கை 2000 ஜூலையில் நடைமுறைக்கு வந்தது. சுங்க ஒன்றியம் 2005இல், பொதுச் சந்தை 2010இல். பழைய பாடம் முற்றிலும் மறக்கப்படவில்லை: உகாண்டாவுக்கும் டான்சானியாவுக்கும் போகும் குறிப்பிட்ட கென்யச் சரக்குகளுக்கு ஐந்து ஆண்டுகள் குறைந்துகொண்டே வரும் சுங்கம் விதிக்கப்பட்டது. ஐந்து ஆண்டு முடிந்ததும் அதுவும் முடிந்தது. மாற்று வரிக்கோ பகிர்வு நிதிக்கோ இணையான நிலையான கருவி எதுவும் அதன் இடத்தில் வரவில்லை. சமநிலையைச் சந்தையே கொண்டுவரும் என்ற 1990களின் நம்பிக்கை உடன்படிக்கையில் ஆழப் பதிந்திருக்கிறது.

கருவி இல்லாத இடத்தில் குறை வேறு வழியில் வெளிப்படுகிறது. பொதுச் சுங்கப் பட்டியல் இருக்கிறது. 2022இல் அதற்கு 35 விழுக்காட்டு உச்சநிலையும் சேர்ந்தது. ஆனால் ஒவ்வோர் ஆண்டும் ஒவ்வொரு நாடும் தனக்கு வேண்டிய சரக்குகளுக்கு விலக்குக் கேட்டு வாங்குகிறது. 2017இல் கென்யாவிலிருந்து வந்த சுமார் 6,400 கோழிக்குஞ்சுகளை நோய் அச்சம் காட்டி டான்சானியா எரித்தது. 2021 மார்ச்சில் உகாண்டா, டான்சானியா மக்காச்சோளத்தைப் பூஞ்சை நச்சு என்று கென்யா தடுத்தது. 2019 முதல் 2022 வரை ருவாண்டா, உகாண்டாவுடனான தன் முக்கிய எல்லையை மூடியே வைத்திருந்தது. எல்லையோரத்தில் கூடையைச் சுமந்து விற்கும் பெண்களுக்கு அந்த மூன்று ஆண்டுகள் என்னவாக இருந்திருக்கும் என்பதை எந்த வணிகப் புள்ளிவிவரமும் காட்டாது.

வெளியாருடன் பேசும்போதும் கூட்டு குலைகிறது. பழைய துணி இறக்குமதியைப் படிப்படியாக நிறுத்துவது என்று 2016இல் முடிவெடுத்தார்கள். அமெரிக்கா தன் வரிச் சலுகையைப் பறிப்பதாகச் சொன்னதும் மற்றவர்கள் பின்வாங்க, ருவாண்டா மட்டும் நின்று 2018இல் ஆடை ஏற்றுமதிச் சலுகையை இழந்தது. ஐரோப்பிய ஒன்றியத்துடனான உடன்பாட்டை டான்சானியா ஏற்காததால் கென்யா 2023 டிசம்பரில் தனியே கையெழுத்திட்டது.

இதற்கிடையில் உறுப்பினர் தொகை பெருகியது: 2007இல் ருவாண்டாவும் புருண்டியும், 2016இல் தெற்கு சூடான், 2022இல் காங்கோ ஜனநாயகக் குடியரசு, 2024இல் சோமாலியா. பரப்பும் சந்தையும் விரிந்தன. முடிவெடுக்கும் முறையோ பழையபடி, அரசுத் தலைவர்கள் ஒருமித்தால்தான் நகரும். நீண்ட காலம் எல்லா நாடுகளும் சரிசமச் சந்தா கட்டும் முறையே இருந்தது. புருண்டியும் கென்யாவும் ஒரே தொகை கட்ட வேண்டும் என்றால் நிலுவை சேர்வதில் வியப்பில்லை. ரெய்ஸ்மனின் நிதியில் பெரியவர் அதிகம் போட்டார். சரிசமச் சந்தாவில் அந்த எண்ணமே இல்லை.

காங்கோவின் வருகை 1971ஐ நினைவூட்டும் நிலையைக் கொண்டுவந்தது. கிழக்குக் காங்கோவுக்கு 2022 நவம்பரில் அனுப்பப்பட்ட சமூகத்தின் படை, கிளர்ச்சியாளருடன் போரிடவில்லை என்று கின்ஷாசா அதிருப்தி கொண்டதால், 2023 டிசம்பரில் வெளியேறியது. 2025 ஜனவரியில் எம்23 கிளர்ச்சிப் படை கோமா நகரைப் பிடித்தது; அதற்கு ருவாண்டாவின் படைபலம் இருப்பதாக ஐ.நா. வல்லுநர்கள் பதிவு செய்திருந்தனர். உடனே கூட்டப்பட்ட சமூகத்தின் அவசர உச்சி மாநாட்டில் காங்கோ அதிபர் ஃபெலிக்ஸ் ட்ஷிசெகேடி கலந்துகொள்ளவில்லை.

பொது நாணயத்துக்கு 2013இல் குறித்த இலக்கு 2024. அது இப்போது 2031க்குத் தள்ளிப்போயிருக்கிறது. 1919இலிருந்து 1966 வரை ஏறத்தாழ அரை நூற்றாண்டு ஒரே வாரியத்தின் நாணயத்தில் புழங்கிய பகுதி இது. இப்போதோ புதிய நாணயத்துக்கு முன்னோடியாக அமைய வேண்டிய நிதி நிறுவனத்தின் அலுவலகம் எந்த நகரில் இருப்பது என்பதிலேயே உறுப்பு நாடுகளிடையே இழுபறி ஆண்டுக்கணக்கில் நீண்டது.