மருத்துவமனைத் தர மதிப்பீடு
மருத்துவமனைச் சேவையை அளந்து, முடிவை மக்கள் அறியச் சொல்லும் முறை. காஞ்சிபுரம் மாவட்டத் திருமுக்கூடல் வெங்கடேசப் பெருமாள் கோயிலின் 11ஆம் நூற்றாண்டுக் கல்வெட்டு இதற்கு அரிய முன்னோடி. வீரராஜேந்திர சோழன் காலத்து ஆதுலர் சாலை என்ற மருத்துவமனையின் 15 படுக்கைகள், வைத்தியர், அறுவை செய்வோர், மூலிகை கொண்டு வருவோர், நோயாளிகளைப் பார்த்துக்கொள்ளும் பெண்கள், அவரவர் ஊதியம், இருப்பில் இருக்க வேண்டிய மருந்துகள் எல்லாம் கோயில் சுவரிலேயே உள்ளன. குணமானோர் கணக்கு மட்டும் இல்லை.

மத்திய அரசு 2015இல் தொடங்கிய காயகல்ப் திட்டம் அரசு மருத்துவமனைகளின் தூய்மை, கழிவு அகற்றல், தொற்றுத் தடுப்புக்கு மதிப்பெண் இட்டு விருது வழங்குகிறது. விருதுப் பட்டியல் வெளியிடுவது நல்லதே. நோயாளிக்கு அதைவிடத் தேவையானது துறைவாரி மதிப்பெண். காயகல்ப்பைத் தாண்டி, தேசியத் தர உறுதி நிர்ணயங்கள் (NQAS) நோயாளி உரிமை, சிகிச்சை, அதன் விளைவு வரை சோதிக்கின்றன.